ஏ320 நியோவா, 737 மேக்ஸா, பழைய விமானமே போதுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒற்றை நடைவழி விமானங்களின் புதுப்பித்த பதிப்புகளை வாங்கலாமா என்று யோசிக்கும் விமான நிறுவனம் எதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகின்றன. இந்த விமானங்களை உலகிலேயே மிக அதிகமாக ஆர்டர் செய்தவர்களில் இண்டிகோவும் ஏர் இந்தியாவும் இருக்கின்றன. இவற்றின் என்ஜின் கோளாறுகளால் மிக அதிகமாக அடிபட்ட நாடுகளில் ஒன்றும் இந்தியாதான்.

எவை பழைய பதிப்பு, எவை புதிய பதிப்பு?

பக்கத்துக்கு மூன்று இருக்கை, நடுவில் ஒரே ஒரு நடைவழி. நாம் உள்நாட்டில் ஏறும் ஜெட் விமானங்கள் ஏறத்தாழ எல்லாமே இந்த வகை. ஏர்பஸ்ஸின் பழைய ஏ320 குடும்பத்தை இப்போது ‘சியோ’ என்கிறார்கள். புதிய என்ஜின் பொருத்தியது ‘நியோ’. போயிங்கில் 737-700, 800, 900 வரிசை பழையது. 737 மேக்ஸ் புதியது. மேக்ஸில் 7, 8, 9, 10 என நான்கு அளவுகள். அவற்றில் 8, 9 இரண்டும் முதலில் சான்றிதழ் பெற்றுப் பறக்கத் தொடங்கின. 7, 10 இரண்டும் என்ஜின் முகப்பில் பனி உறையாமல் தடுக்கும் அமைப்பில் எழுந்த சிக்கலால் பல ஆண்டுகள் தள்ளிப்போயின.

வெளியிலிருந்து அடையாளம் காண்பது எளிது. மேக்ஸின் என்ஜின் கூட்டுக்குப் பின்விளிம்பு ரம்பப்பல் போல இருக்கும். இறக்கை நுனி மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிந்திருக்கும். நியோவில் என்ஜினின் வாய் சியோவைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியது.

முற்றிலும் புதிய விமானத்தை வடிவமைக்காமல் என்ஜினை மட்டும் ஏன் மாற்றினார்கள்?

காலமும் பணமும்தான் காரணம். புதிய விமானத்தை வரைந்து, சோதித்து, சான்றிதழ் வாங்கப் பத்தாண்டு ஆகலாம். ஏர்பஸ் 2010 டிசம்பர் 1 அன்று நியோவை அறிவித்தது. 2016 ஜனவரியில் லுஃப்தான்சாவிடம் முதல் விமானத்தைக் கொடுத்துவிட்டது. போயிங் அப்போது 737-க்கு மாற்றாகப் புதிய விமானம் ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தது. 2011 ஜூலையில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 460 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதில் 260 ஏர்பஸ்ஸுக்குப் போயின. பல ஆண்டுகளாகப் போயிங்கிடமே வாங்கிவந்த வாடிக்கையாளர் அது. அடுத்த மாதமே போயிங் இயக்குநர் குழு மேக்ஸுக்கு ஒப்புதல் கொடுத்தது.

வாங்குகிறவர் பக்கமும் ஒரு காரணம் உண்டு. ஏ320 ஓட்டத் தெரிந்த பைலட்டுகள், பழகிய மெக்கானிக்குகள், கையிருப்பில் உதிரி பாகங்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. விமான உடலின் பாகங்களில் பெரும்பகுதி சியோவுக்கும் நியோவுக்கும் பொது. கிடங்கைத் தலைகீழாக மாற்றாமல் எரிபொருள் மிச்சம் கிடைக்கிறது.

என்ஜினில் அப்படி என்ன மாறியது?

முகப்பு விசிறி பெரிதானது. ஜெட் என்ஜினின் தள்ளுவிசையில் பெரும்பகுதி உள்ளே எரியும் காற்றிலிருந்து வருவதில்லை. விசிறி வெளிவட்டத்தின் வழியாகப் பின்னே தள்ளும் குளிர்ந்த காற்றிலிருந்தே வருகிறது. அதிகக் காற்றை மெதுவாகத் தள்ளினால், குறைந்த காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட எரிபொருள் குறைவாகச் செலவாகும், சத்தமும் குறையும்.

சியோவில் இருந்த சி.எஃப்.எம்.56 என்ஜினின் விசிறி விட்டம் சுமார் 173 செ.மீ. நியோவுக்கு இரண்டு என்ஜின்கள் உண்டு: சி.எஃப்.எம். நிறுவனத்தின் லீப்-1ஏ-வில் அது 198 செ.மீ., பிராட் அண்ட் விட்னியின் ஜி.டி.எஃப். (பல்சக்கர விசிறி) என்ஜினில் 206 செ.மீ. உட்பகுதி வழியாகப் போகும் காற்றைப் போல ஐந்தாறு மடங்கு காற்று முன்பு வெளிவட்டத்தில் போனது. இப்போது பதினொன்று, பன்னிரண்டு மடங்கு போகிறது. லீப்பின் விசிறியில் கரிநார் இழையால் நெய்த 18 தகடுகள்தான் இருக்கின்றன. சி.எஃப்.எம்.56-இன் 5பி வகையில் 36 டைட்டானியத் தகடுகள்.

இதற்குக் கொடுத்த விலை, கூடிய எடை. என்ஜினும் அதைத் தாங்கும் பாகங்களும் சேர்ந்து ஏ320-க்கு இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டுகின்றன. பின்னால் குறுகிய வழித்தடங்களைப் பற்றிச் சொல்லும்போது இந்த எடை மறுபடி வரும்.

15 சதவீதம் எரிபொருள் மிச்சம் என்பது உண்மையா?

உண்மைதான், ஆனால் எதோடு ஒப்பிட்டு என்று கேட்க வேண்டும். ஏர்பஸ் சொன்ன 15 சதவீதத்தில் புதிய என்ஜினின் பங்கும், இறக்கை நுனியில் 2.4 மீட்டர் உயரத்தில் நிற்கும் ‘ஷார்க்லெட்’டின் பங்கும் சேர்ந்தே இருக்கின்றன. ஷார்க்லெட் 2012 இறுதியிலிருந்து சியோ விமானங்களுக்கும் கிடைத்தது. அதன் பங்கு நீண்ட தூரத்தில் நான்கு சதவீதம் வரை. உங்களிடம் இருக்கும் பழைய விமானம் 2014-இல் ஷார்க்லெட்டுடன் வந்ததென்றால், நியோவுக்கு மாறுவதால் கிடைப்பது சுமார் 12 சதவீதம்தான்.

இருபது சதவீதம் என்று சில விளம்பரங்களில் வருவது ஓர் இருக்கைக்கான கணக்கு. பின்பக்கக் கழிவறையையும் சமையலறையையும் நெருக்கிவைத்து ஆறு இருக்கை கூட்டினால் 180 இருக்கை 186 ஆகும். அதே எரிபொருள் அதிகப் பேருக்குப் பங்காகும். அந்த ஆறு இருக்கையும் நிறைந்தால்தான் அந்தச் சதவீதம்.

ரூபாயில் எவ்வளவு வரும்?

கணக்குக்கு ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். சியோ மணிக்கு 2,400 கிலோ எரிக்கிறது. நாளுக்குப் பத்தரை மணி நேரம் பறந்தால் ஆண்டுக்குச் சுமார் 3,800 மணி. 12 சதவீத மிச்சம் என்றால் மணிக்கு 288 கிலோ, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,090 டன். ஒரு லிட்டர் 0.8 கிலோ, ஆக, சுமார் 1,370 கிலோலிட்டர். கிலோலிட்டருக்கு 90,000 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 12 கோடி ரூபாயைத் தாண்டும். 15 சதவீதமே கிடைத்தால் 15 கோடியைத் தாண்டும். ஒரு கிலோ எரிபொருள் 3.16 கிலோ கரியமில வாயுவாகிறது என்பதால், 12 சதவீதக் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 3,400 டன் உமிழ்வும் குறையும்.

விமான எரிபொருள் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருக்கிறது. மாநிலங்கள் தனித்தனியே மதிப்புக்கூட்டு வரி போடுகின்றன: சில இடங்களில் ஒன்றிரண்டு சதவீதம், சில இடங்களில் 25-க்கும் மேல். எனவே சராசரி விலையைப் போடாமல், விமானம் எந்த ஊரில் எவ்வளவு நிரப்புகிறது என்று ஊர்வாரியாகப் போட வேண்டும். கிடைத்த தொகையைக் குத்தகைக் கட்டண வித்தியாசத்தோடு வைத்துப் பாருங்கள். ஆண்டுக் குத்தகை அந்தத் தொகையைவிட அதிகமாக ஏறினால் எரிபொருள் மிச்சம் முழுவதும் உரிமையாளர் கைக்குப் போகிறது.

எங்கள் அனுபவத்தில் பெரும்பாலான கணக்குகள் தவறுவது ‘3,800 மணி’ என்ற இடத்தில்தான். விமானம் தரையில் நின்றால் மிச்சம் பூஜ்யம்; குத்தகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

சென்னை–கோவை போன்ற குறுகிய தடங்களில் இதே மிச்சம் கிடைக்குமா?

கிடைக்காது. பெரிய விசிறியின் பயன் முழுதாகத் தெரிவது உயரத்தில் சீராகப் பறக்கும் நேரத்தில். சென்னை–கோவை தடத்தில் ஏறி முடித்துச் சற்று நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடுவார்கள். அதிலும் கூடுதலான இரண்டு டன்னை ஒவ்வொரு முறையும் மேலே தூக்கியாக வேண்டும். மிச்சம் இருக்கும், ஆனால் விற்பனைத் தாளில் போட்ட அளவு இருக்காது. சென்னை–டெல்லி, சென்னை–சிங்கப்பூர் போன்ற தடங்களில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

குறுகிய தடம் இன்னொரு வகையிலும் கடிக்கிறது. என்ஜினுக்குள் தகடுகளைத் தாங்கிச் சுழலும் தட்டுகளுக்கு ஆயுள் மணிக்கணக்கில் இல்லை. எத்தனை முறை ஏறி இறங்கியது என்ற சுற்றுக்கணக்கில்தான். சி.எஃப்.எம்.56-இன் உட்பகுதித் தட்டுகளுக்கு 20,000 சுற்று. நாளுக்கு ஏழெட்டு முறை பறக்கும் விமானம் அந்த ஆயுளை வேகமாகத் தின்றுவிடும். நிறுவனத்திடம் இரண்டு வகையும் இருந்தால், நியோவை நீண்ட தடத்திலும் சியோவைக் குறுகிய தடத்திலும் போடுவதே சரி. அட்டவணை போடுகிறவர்கள் எந்த விமானம் கைக்குக் கிடைக்கிறதோ அதைப் போட்டுவிடுவது வழக்கம். அங்கேயே பணம் கசிகிறது.

737 மேக்ஸில் நடந்தது என்ன? இப்போது நம்பலாமா?

737 முதன்முதலில் பறந்தது 1967-இல். அந்தக் காலத்துச் சிறிய என்ஜின்களுக்கு ஏற்ப, தரைக்கு மிக அருகில் இருக்கும்படி வடிவமைத்தார்கள். ஏ320 வந்தது 1987-இல்; அதன் கால்கள் உயரம். ஆகவே ஏ320-இன் இறக்கைக்குக் கீழே 198 செ.மீ. விசிறி எளிதாக நுழைந்தது. 737-இல் 176 செ.மீ. விசிறிக்கே இடம் போதவில்லை. முன்சக்கரக் காலை சுமார் 20 செ.மீ. நீட்டி, என்ஜினை முன்னேயும் மேலேயும் தள்ளி வைத்தார்கள்.

அந்த இடத்தில் இருந்த பெரிய என்ஜின் கூடு, விமானம் மூக்கை அதிகமாகத் தூக்கும்போது தானும் தூக்குவிசை கொடுத்து மூக்கை இன்னும் மேலே இழுத்தது. அதைச் சரிக்கட்ட, வால்பகுதிக் கிடைத்தகட்டைத் தானே திருப்பி மூக்கை இறக்கும் எம்காஸ் என்ற மென்பொருளைச் சேர்த்தார்கள். அது, எதிர்வரும் காற்றுக்கு மூக்கு எவ்வளவு சாய்வாக நிற்கிறது என்று அளக்கும் ஒரே ஓர் உணரியை நம்பியது. உணரி தவறாகச் சொன்னபோது எம்காஸ் திரும்பத் திரும்ப மூக்கைக் கீழே தள்ளியது. 2018 அக்டோபர் 29 அன்று லயன் ஏர் விமானத்தில் 189 பேரும், 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் விமானத்தில் 157 பேரும் உயிரிழந்தார்கள். உலகம் முழுவதும் மேக்ஸ் தரையிறக்கப்பட்டது. அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 2020 நவம்பரிலும் இந்தியாவின் ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. 2021 ஆகஸ்டிலும் தடையை நீக்கின.

திருத்திய எம்காஸ் இரண்டு உணரிகளையும் ஒப்பிடுகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் செயல்படாது. ஒரு நிகழ்வுக்கு ஒருமுறைதான் இயங்கும். பைலட் கைப்பிடியை இழுத்து அதை மீற முடியும். இந்தக் குறிப்பிட்ட குறை சரிசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் மேக்ஸ் 9 விமானத்தில் பயன்படுத்தாத கதவின் இடத்தை மூடும் பலகை நடுவானில் பறந்துபோனதும், கேள்வி வடிவமைப்பிலிருந்து தொழிற்சாலைத் தரத்துக்கு நகர்ந்தது. வாங்குகிறவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: தொழிற்சாலையில் தம் பொறியாளர்களை நிறுத்தி, ஒவ்வொரு விமானத்தின் வேலைத் திருத்தப் பதிவையும் கையெழுத்திடும் முன் படிப்பது. அந்தச் சம்பளம் வீண்செலவு அல்ல.

நியோவுக்கு எந்த என்ஜின்: லீப்பா, ஜி.டி.எஃப்.பா?

மேக்ஸில் லீப்-1பி ஒன்றுதான், தேர்வே இல்லை. நியோவில் இரண்டு உண்டு. விமானத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட இந்த முடிவு பெரியது என்றே சொல்வோம்.

ஜி.டி.எஃப்.பின் யோசனை அழகானது. சாதாரண என்ஜினில் விசிறியும், சூடான வாயுவால் சுழன்று அதைச் சுழற்றும் டர்பைனும் ஒரே தண்டில் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. விசிறிக்கு மெதுவாகச் சுழல்வது நல்லது. டர்பைனுக்கு வேகமாகச் சுழல்வது நல்லது. நடுவில் ஏறத்தாழ 3:1 பல்சக்கரப் பெட்டி ஒன்றை வைத்து இரண்டையும் பிரித்தார்கள். டர்பைன் வேகமாகச் சுழல்வதால் குறைந்த அழுத்தப் பகுதியில் மூன்று அடுக்கு போதும். லீப்-1ஏ-வில் ஏழு அடுக்கு. கையில் வாங்கும்போது எரிபொருள் செலவில் ஜி.டி.எஃப்.புக்குச் சற்று முன்னிலை உண்டு. அந்தப் பல்சக்கரப் பெட்டியைப் பற்றித்தான் எல்லோரும் பயந்தார்கள். அது பெரிய தொல்லை தரவில்லை. மற்ற பாகங்கள் தந்தன:

– நிறுத்திய என்ஜினில் சூடு மேலே தேங்கி, தண்டு மயிரிழை வளைந்துவிடும். அப்படியே கிளப்பினால் தகடுகள் உறையில் உரசும். ஆகவே எரிபொருள் விடாமல் சில நிமிடம் சும்மா சுற்றிவிட வேண்டியிருந்தது. 25 நிமிடத்தில் திரும்பிக் கிளம்ப வேண்டிய விமானத்துக்கு இது பெரிய நேரம். முதல் வாடிக்கையாளராக இருக்க வேண்டிய கத்தார் ஏர்வேஸ் இதனால்தான் விமானத்தை ஏற்கவில்லை.

– 2018 தொடக்கத்தில், காற்றை அழுத்தும் உயர் அழுத்தக் கம்ப்ரசரின் பின்பக்க அடைப்பு வளையம் ஒன்றில் கோளாறு. அந்த மார்ச் மாதம் டி.ஜி.சி.ஏ. இண்டிகோ, கோஏர் இரண்டிலும் சேர்த்து 11 விமானங்களை நிறுத்தியது.

– குறைந்த அழுத்த டர்பைனின் மூன்றாம் அடுக்குத் தகடுகள் உடைந்தன. 2019-இல் டி.ஜி.சி.ஏ. கெடு வைத்து மாற்றச் சொன்னது.

இண்டிகோ 2019 ஜூனில், அடுத்துவரும் 280 விமானங்களுக்கு லீப் என்ஜினைத் தேர்ந்தெடுத்தது இந்தப் பின்னணியில்தான்.

லீப்பிலும் குறை உண்டு. எரிபொருள் முனைகளில் கரி படிகிறது. சூடும் தூசியும் மிகுந்த இடங்களில் உயர் அழுத்த டர்பைன் தகடுகள் எதிர்பார்த்ததைவிட முன்பே தேய்கின்றன. இதற்கான வலுவூட்டிய பாகத்தொகுப்பு லீப்-1ஏ-வுக்கு 2024 டிசம்பரில் சான்றிதழ் பெற்றது. புதிதாக ஒப்பந்தம் போடுகிறவர் அந்தத் தொகுப்பு எந்த வரிசை எண்ணிலிருந்து தொழிற்சாலையிலேயே பொருத்தி வருகிறது, பழைய என்ஜினுக்கு யார் செலவில் மாற்றுவார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

உலோகத்தூள் பிரச்சினை என்பது என்ன?

ஜி.டி.எஃப்.பின் உயர் அழுத்த டர்பைன் தட்டு, நிக்கல் கலப்புலோகத் தூளை அழுத்திக் கட்டியாக்கி, அதைச் சூட்டில் அழுத்தி வடிவமைத்துக் கடைந்து செய்யப்படுவது. 2015 கடைசிக் காலாண்டிலிருந்து 2021 மூன்றாம் காலாண்டு வரை தயாரித்த தூளில் நுண்ணிய மாசு கலந்திருந்தது 2023 ஜூலையில் வெளியானது. அந்த மாசுத்துகள் இருக்கும் இடத்தில் விரிசல், எதிர்பார்த்ததைவிட முன்பே தொடங்கலாம். தட்டு உடைந்தால் என்ஜின் உறையால் துண்டுகளைத் தடுத்து நிறுத்த முடியாது. எனவே தவணை கேட்க இடமே இல்லை. என்ஜினைக் கழற்றி, முழுவதும் பிரித்து, மீயொலியால் சோதிக்க வேண்டும்.

600 முதல் 700 என்ஜின்கள் கூடுதலாகக் கழற்றப்படும், 2024 முதல் 2026 வரை சராசரியாக 350 விமானங்கள் நிற்கும், ஒரு என்ஜின் திரும்பிவர 250 முதல் 300 நாள் ஆகும் என்று பிராட் அண்ட் விட்னியின் தாய் நிறுவனமான ஆர்.டி.எக்ஸ். 2023 செப்டம்பரில் சொன்னது. இண்டிகோவில் மட்டும் ஒரு கட்டத்தில் 70-க்கும் மேற்பட்ட விமானங்கள் நின்றன. கோ ஃபர்ஸ்ட் (முன்பு கோஏர்) அதற்கு முன்பே, 2023 மே 2 அன்று, நியோக்களில் பாதிவரை என்ஜின் இல்லாமல் நிற்பதைக் காரணமாகச் சொல்லித் திவால் மனு கொடுத்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, 2011-இல் இந்த என்ஜினைத் தேர்ந்தெடுத்தவர்கள் யாரும் கணக்கில் கவனக்குறைவாக இருக்கவில்லை என்பது. எரிபொருள் கணக்கு சரியாகவே இருந்தது. ஒரே என்ஜினில் முழு நிறுவனத்தையும் நிறுத்தியதுதான் ஆபத்து. இருபது முப்பது விமானம் உள்ளவருக்கு இரண்டு வகை என்ஜின் கட்டுப்படியாகாது. நூறைத் தாண்டுகிறவர் இரண்டையும் வைத்திருப்பது, பராமரிப்புச் செலவு கூடினாலும், நியாயமான காப்பீடு.

உதிரி என்ஜின் எத்தனை வேண்டும்?

பழைய என்ஜின்களுக்கு, விமானங்களில் இருக்கும் நூறு என்ஜினுக்குப் பத்துப் பன்னிரண்டு உதிரி என்பது பழகிய அளவு. அது பட்டறையில் நூறு நாள் வரை ஆகும் என்ற அனுமானத்தில் வந்தது. பட்டறைக் காலம் மும்மடங்கானால் தேவைப்படும் உதிரியும் அதே போல ஏறும். எண்ணிக்கையைப் போடும்போது மூன்றை மட்டும் பாருங்கள்: ஆண்டுக்கு எத்தனை என்ஜின் இறங்கும், ஒன்று திரும்பிவர எத்தனை நாள், திட்டமிடாமல் இறங்குவது எத்தனை. முதலிரண்டைப் பெருக்கி 365-ஆல் வகுத்தால் எந்த நாளிலும் பட்டறையில் இருக்கும் என்ஜின்கள் வரும். ஆண்டுக்கு 20 இறங்கி, ஒவ்வொன்றும் 100 நாள் என்றால் ஐந்தாறு. 300 நாள் என்றால் பதினாறு, பதினேழு.

ஏ320-ஐ விட்டு ஏ321-க்குப் போகலாமா?

இருக்கைக்கான செலவில், ஏ320-இன் நீட்டிய பதிப்பான ஏ321 நியோவை இந்த வகையில் எதுவும் நெருங்குவது கடினம். 186 இருக்கைக்குப் பதில் 232 என்றால் 46 இருக்கை கூடுதல். பைலட்டுகள் அதே இருவர். எரிபொருளும் இறங்குகட்டணமும் அதே விகிதத்தில் ஏறுவதில்லை. பணிக்குழுவில் ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்ற விதிப்படி நால்வர் ஐவராவார்கள். இடநெருக்கடியான விமான நிலையங்களில், புதிய நேர ஒதுக்கீடு கிடைக்காதபோது, இருக்கிற ஒரே ஒதுக்கீட்டில் அதிகம் பேரை ஏற்றிச்செல்ல இதுதான் வழி.

பிடிபடாத செலவு தரையில் இருக்கிறது. ஒற்றை நடைவழியில் 232 பேர் இறங்க நேரமாகும். முன்னே இரண்டு, பின்னே ஒன்று என மூன்று சாய்தளங்களில் பயணிகளை இறக்கும் முறையை இண்டிகோ 2022-இல் தொடங்கியது இதற்காகத்தான். 44.5 மீட்டர் நீளம் என்பதால், ஏறும்போதும் இறங்கும்போதும் மூக்கைச் சற்று வேகமாகத் தூக்கினால் வால் ஓடுதளத்தில் உரசும் வாய்ப்பும் அதிகம். பைலட் பயிற்சியில் இதற்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். இறக்கை அகலம் மட்டும் கவலையில்லை: 36 மீட்டருக்குள் இருப்பதால் ஏ320 நிற்கும் இடத்திலேயே நிற்கும்.

ஏ320 தினமும் நிறைந்து, கடைசி வாரத்தில் டிக்கெட் கேட்டவரைத் திருப்பி அனுப்பும் தடமா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த 46 இருக்கை கட்டணத்தைக் கீழே இழுக்கும்.

எல்.ஆர்., எக்ஸ்.எல்.ஆர். என்பவை யாருக்கு?

இவை ஏ321 நியோவின் நீண்ட தூரப் பதிப்புகள். ஏ321 எல்.ஆர். சுமார் 7,400 கி.மீ., எக்ஸ்.எல்.ஆர். சுமார் 8,700 கி.மீ. வரை போகும். எக்ஸ்.எல்.ஆரில் பின்பக்கச் சரக்கறையின் ஒரு பகுதியில் 12,900 லிட்டர் கொள்ளும் நிலையான தொட்டி உண்டு. கிளம்பும்போது அதிகபட்ச எடை 101 டன். ஐபீரியா 2024 நவம்பரில் அட்லாண்டிக்கைக் கடக்கும் மாட்ரிட்–பாஸ்டன் தடத்தில் இதை ஓட்டத் தொடங்கியது. இரட்டை நடைவழி கொண்ட அகல விமானத்தை நிறைக்க முடியாத, ஆனால் நேரடி விமானத்துக்கு ஆள் இருக்கும் ஊர்களுக்கு ஏற்றது. சரக்கு வருமானத்தை நம்பும் தடமென்றால் யோசியுங்கள்: எரிபொருள் நிரம்பும்போது சரக்குக்கு எடையும் இடமும் மிஞ்சாது.

பைலட்டுகளுக்குப் புதிய உரிமம் வேண்டுமா?

வேண்டாம். சியோ ஓட்டுகிறவர் கணினிவழிப் பாடத்துடன் நியோவுக்கு மாறலாம். பழைய 737-இலிருந்து மேக்ஸுக்கு, 2020-க்குப் பின் சிமுலேட்டர் பயிற்சி கட்டாயம். ஏர்பஸ்ஸிலிருந்து போயிங்குக்கோ எதிர்த்திசையிலோ மாறினால் முழு வகைப்பயிற்சியும் வேண்டும். மாற்றத்தின் முதல் ஆண்டில் நிறுவனத்தை முடக்குவது பெரும்பாலும் பயிற்றுநர் பற்றாக்குறைதான். விமானம் வருவதற்கு ஓராண்டு முன்பே பயிற்றுநர்களைத் தயார் செய்ய வேண்டும்.

பட்டியல் விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் எவ்வளவு வித்தியாசம்?

ஏர்பஸ் கடைசியாக 2018-இல் வெளியிட்ட பட்டியலில் ஏ320 சியோ 10.1 கோடி டாலர், நியோ 11.06 கோடி டாலர். மொத்தமாக வாங்குகிறவர்கள் ஏறத்தாழ பாதிதான் கொடுப்பார்கள் என்பது துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. இண்டிகோ 2011 முதல் 180, 250, 300, 500 என்று நான்கு தடவை பெரிய ஆர்டர் கொடுத்ததன் பலம் இங்கே. தள்ளுபடியில் வாங்கி, ஒப்படைக்கும் நாளிலேயே குத்தகை நிறுவனத்துக்குச் சந்தை விலையில் விற்று, ஆறு முதல் எட்டு ஆண்டுக்குத் திரும்பக் குத்தகைக்கு எடுப்பது அதன் பழைய முறை. பெரிய பழுதுகள் வரும் வயதுக்கு முன் விமானம் திரும்பிப் போய்விடும்.

சிறிய நிறுவனம் இதைப் பின்பற்றும்போது திருப்பித்தரும் நிபந்தனைகளில் மாட்டிக்கொள்கிறது. என்ஜின் எத்தனை சுற்று மிச்சத்துடன் வர வேண்டும், எந்தப் பதிவேடு காகிதத்தில் வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு பாகத்தின் பிறப்புச் சான்று காணாமல் போனால் நல்ல பாகத்தையே தூக்கி எறிந்து புதிது போட வேண்டிவரும்.

கோ ஃபர்ஸ்ட் விவகாரத்தில் திவால் சட்டத்தின் தடையால் குத்தகைக்குக் கொடுத்தவர்கள் தம் விமானங்களைப் பல மாதம் எடுத்துச்செல்ல முடியவில்லை. 2024 ஏப்ரலில்தான் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த விமானங்களின் இந்தியப் பதிவை நீக்க உத்தரவிட்டது. அந்த அச்சம் இந்திய நிறுவனங்களுக்கான குத்தகை நிபந்தனைகளை இறுக்கியது. குத்தகைக்குக் கொடுத்தவரின் உரிமையைக் காக்கும் பன்னாட்டு கேப் டவுன் ஒப்பந்தத்தை அமல்படுத்தும் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தளர்த்த வந்ததுதான்.

ஒப்பந்தத்தில் விட்டுவிடக் கூடாதவை எவை?

முதலில் விலையேற்ற உச்சவரம்பு. ஆர்டர் கொடுத்து ஏழெட்டு ஆண்டு கழித்து வரும் விமானத்தின் விலை, கூலி–மூலப்பொருள் குறியீட்டோடு ஆண்டுதோறும் ஏறும். வரம்பு இல்லாவிட்டால் வாங்கிய தள்ளுபடி கரைந்துபோகும். அடுத்தது, எரிபொருள் உத்தரவாதம் புதிய என்ஜினுக்கு மட்டுமா, தேய்ந்த என்ஜினுக்கும் உண்டா என்பது. மூன்றாவது, என்ஜின் குறையால் விமானம் நின்றால் நாள் ஒன்றுக்கு எவ்வளவு இழப்பீடு, பணமாகவா உதிரி பாகக் கணக்கில் வரவாகவா என்பது. கஷ்டத்தில் இருக்கும் நிறுவனத்துக்கு வரவுச்சீட்டு சம்பளம் போடாது, பணமாகவே கேளுங்கள்.

பறந்த மணிக்கு இவ்வளவு என்று கட்டும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் விலக்குப் பட்டியலைத்தான் முதலில் படிக்க வேண்டும். பறவை மோதல், ஓடுதளத்துக் கல், ஆயுள் முடிந்த தட்டுகள் ஆகியவை பெரும்பாலும் வெளியே இருக்கும். தூசிப் பகுதிக்கான கூடுதல் கட்டணம் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய விமானத்தையே வைத்துக்கொண்டால்?

பலருக்கு இதுவே நல்ல விடை. சியோவின் என்ஜின்கள் பட்டறைக்கு நன்கு பழகியவை. எந்தப் பாகம் எப்போது போகும் என்று தெரியும். புதிய என்ஜின்கள் நின்றபோது இண்டிகோவே சியோக்களின் குத்தகையை நீட்டித்தது. பழைய 737-க்கு வளைந்த இறக்கை நுனி பொருத்தினால் மூன்று நான்கு சதவீதம் மிச்சம் உண்டு.

கணக்கு எளிது. அடுத்த பெரிய உடல்சோதனைக்கும் என்ஜின் பழுதுபார்ப்புக்கும் எவ்வளவு ஆகும், அதற்குப் பின் எத்தனை ஆண்டு ஓடும் என்று பாருங்கள். இரண்டும் ஒரே ஆண்டில் வந்தால் அப்போது விட்டுவிடலாம். என்ஜினில் பாதிக்கு மேல் ஆயுள் மிச்சமிருந்தால் அவசரப்பட வேண்டாம்.

அடுத்த தலைமுறை விமானம் வரும் வரை காத்திருக்கலாமா?

சி.எஃப்.எம். நிறுவனம் 2021 முதல் உறையில்லாத திறந்த விசிறி என்ஜினை உருவாக்கிவருகிறது. இன்றைய என்ஜின்களைவிட 20 சதவீதத்துக்கு மேல் மிச்சம் என்பது அதன் இலக்கு. ஏ320-க்கு அடுத்து வரும் விமானத்தை 2030-களின் பிற்பாதியில் எதிர்பார்க்கலாம் என்கிறது ஏர்பஸ். அது வந்த முதல் ஐந்து ஆண்டு எப்படி இருக்கும் என்பதற்கு ஜி.டி.எஃப்.பின் வரலாறு கண்முன் இருக்கிறது. எனவே காத்திருப்பதில் பயனில்லை. இன்று ஆர்டர் கொடுப்பவருக்கு விமானம் கையில் வரவே பல ஆண்டு ஆகும். இடையில் வேண்டியதைக் குத்தகை நிறுவனங்கள் ஏற்கெனவே ஆர்டர் கொடுத்துவைத்திருக்கும் நியோக்களிலிருந்து எடுங்கள். சொந்த ஆர்டரில் கடைசி மூன்றில் ஒரு பங்கை வேறு மாதிரிக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையோடு எழுதி வாங்குங்கள்.